வேலி போடாத வயல்கள்: லாக்ஸ்டன் கிராமத்தில் இன்றும் நடக்கும் இடைக்கால விவசாயம்

நிலம் வாங்கும்போதும் விற்கும்போதும் ஏக்கர், சென்ட் என்று சாதாரணமாகப் பேசுகிறோம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று முழுசாக இல்லாமல் இப்படி ஒரு கோணல் கணக்கு எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அளவு என்பது தெரிந்ததுதான். அவர்களுக்கு அது எப்படிக் கிடைத்தது என்று தேடிப் போனால், இடைக்கால இங்கிலாந்தின் உழவு நிலத்தில் போய் நிற்போம்.

மாடு பூட்டிய ஓர் ஏர் ஒரே நாளில் உழுது முடிக்கக்கூடிய நிலம்தான் ஏக்கர். அது சதுரமாக இருக்காது, ரிப்பன் மாதிரி நீளமாக இருக்கும். நீளம் 220 கஜம், அகலம் 22 கஜம். அந்த 220 கஜத்துக்குப் பெயர் ஃபர்லாங். மைலும் ஃபர்லாங்கும் எழுதிய பழைய சாலைக் கற்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் நினைவிருக்கும். பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'சால் நீளம்' என்று பொருள். மாட்டை நிறுத்தி மூச்சு வாங்க விடாமல் ஒரே மூச்சில் ஓட்டும் உழவுசாலின் நீளம். அகலமான 22 கஜம் கிரிக்கெட் பிட்ச்சின் நீளத்துக்குச் சமம். 220-ஐ 22-ஆல் பெருக்கினால் 4,840 சதுர கஜம். அதைச் சதுர அடியாக்கினால் 43,560.

இப்படி நீள நீளமாகப் பிரித்த வயல்கள் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் மத்தியப் பகுதி முழுக்கப் பரவிக் கிடந்தன. இன்று அவற்றைப் பழைய விதிகளோடும் பழைய ஊர்மன்றத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் ஓர் ஊருக்குத்தான் போக வேண்டும். நாட்டிங்காம்ஷயர் மாவட்டத்தில், நியூவார்க் நகரத்துக்கு வடமேற்கே இருக்கும் லாக்ஸ்டன். ஐந்நூறு பேர்கூட இல்லாத சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு மதுவிடுதி, செங்கல் வீடுகள், ஊருக்கு வடக்கே புல் மூடிய ஒரு கோட்டை மேடு. காரில் போகிறவர் நிறுத்தாமலே கடந்துவிடலாம். ஊரைத் தாண்டியதும் வயல்களுக்கு நடுவே வேலி இல்லை என்பதுதான் வித்தியாசம், அதைக் கவனிக்க வேண்டும்.

ஊரின் பழமை எழுத்திலேயே இருக்கிறது. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மண்டிக்காரர் வில்லியம், இருபது ஆண்டுகள் கழித்துத் தன் நாட்டில் யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், என்ன மதிப்பு என்று ஊர் ஊராகக் கணக்கெடுக்கச் சொன்னார். 1086-இல் எடுத்த அந்தக் கணக்குதான் டூம்ஸ்டே ஏடு. அதில் 'லாக்சின்டூன்' என்று இந்த ஊர் வருகிறது. முன்பு டோக்கி என்பவருடைய நிலம், இப்போது ஜெஃப்ரி ஆல்செலினுடையது. ஆறு ஏருக்கான நிலம். 22 குடியானவர்கள், அவர்களுக்குக் கீழே சிறுநிலம் வைத்திருந்த 7 பேர், 5 அடிமை ஆண்கள், ஓர் அடிமைப் பெண். 40 ஏக்கர் புல்வெளி. பழைய அரசர் எட்வர்டின் காலத்தில் 9 பவுண்டு பெறுமானம், இப்போது 6 பவுண்டு.

நான்கைந்து வரிக் குறிப்புதான். ஆனால் அந்த ஒன்பது ஆறானதில் ஒரு படையெடுப்பின் சுவடு தெரிகிறது. பெயர் எழுதப்படாத அந்த ஓர் அடிமைப் பெண்ணும் எனக்கு மறப்பதில்லை. லாக்ஸ்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் அதை ஏதோ ஊரே கூடி உழைத்துப் பகிர்ந்து வாழ்ந்த பொற்காலத்தின் மிச்சம் மாதிரி வர்ணிப்பார்கள். அந்தக் குடியானவர்களில் பெரும்பாலோர் பிரபுவின் அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாதவர்கள். வாரத்தில் சில நாள் அவருடைய நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டியவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற கதைக்குப் போக வேண்டும்.

கோட்டை நார்மண்டிக்காரர்கள் கட்டியது. மண்ணைக் குவித்து உயரமான மேடு எழுப்பி, அதன் மேல் மரக் காவல்மனை, கீழே அகழியும் மதிலும் சூழ்ந்த முற்றம். கல்லில் கட்ட நேரமில்லாத, உள்ளூர் மக்களை நம்பாத புதிய ஆட்சியாளர்களின் அவசரக் கட்டுமானம் அது. நாட்டிங்காம்ஷயரில் இந்த வகைக் கோட்டைகளில் நன்றாக எஞ்சியிருப்பதில் இது ஒன்று. அங்கே இருந்த டி கோ குடும்பம் வெறும் ஊர்ப் பிரபுக்கள் அல்லர். நாட்டிங்காம்ஷயர், டார்பிஷயர் அரச காடுகளின் பரம்பரைக் காவலர்கள். ஷெர்வுட் காடும் அதில் அடக்கம். ராபின் ஹூட் கதைகளில் வரும் அதே ஷெர்வுட்தான். அரசருடைய மானைத் தொட்டவரைப் பிடித்துத் தண்டிக்கும் அதிகாரம் இந்தச் சின்ன ஊரிலிருந்து நடந்தது. பிறகு திருமண உறவின் வழியாக அந்தப் பதவி எவரிங்ஹாம் குடும்பத்துக்குப் போனது. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அந்தக் காவலர் குடும்பமே காட்டு விலங்குக் குற்றத்தில் சிக்கிப் பதவியை இழந்தது.

எவரிங்ஹாம்கள் இன்றும் ஊரில்தான் இருக்கிறார்கள், புனித மைக்கேல் தேவாலயத்துக்குள் கல்லாகப் படுத்தபடி. ஆடம் டி எவரிங்ஹாமின் மனைவி ஒருவரின் சிலை மட்டும் ஓக் மரத்தில் செதுக்கியது. இடைக்கால மரச் சிலைகள் இங்கிலாந்தில் மிகக் குறைவாகவே தப்பியிருக்கின்றன. செல்லரிக்காமல், யாரும் அடுப்புக்கு எடுத்துப் போகாமல் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு மரச்சிலை கிடப்பது சாதாரண விஷயமில்லை. தேவாலயத்தை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஊரின் பெரிய நில உரிமையாளரான மேன்வர்ஸ் பிரபு பிரித்துத் திருத்திக் கட்டினார். பழைய அளவைவிடச் சிறிதாகிவிட்டது.

சரி, கோட்டை மேடும் பழைய தேவாலயமும் இங்கிலாந்தில் எத்தனையோ ஊர்களில் உண்டு. லாக்ஸ்டனின் தனித்தன்மை வயலில் இருக்கிறது.

ஊரைச் சுற்றி மூன்று பெரிய வயல்கள்: மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல். காற்றாலை நின்ற இடம் என்பதால் மூன்றாவதற்கு அந்தப் பெயர். ஒவ்வொரு வயலும் நூறு ஏக்கருக்கு மேல் விரியும் ஒரே வெளி. உள்ளே வேலியோ மதிலோ கிடையாது. அந்த வெளிக்குள் நீளநீளப் பட்டைகள். ஒரு விவசாயிக்கு மூன்று வயல்களிலும் பட்டைகள் இருக்கும், ஆனால் அடுத்தடுத்து இருக்காது. இங்கே ஒன்று, அரை மைல் தள்ளி ஒன்று, ஓடைப்பக்கம் ஒன்று. பக்கத்துப் பட்டை பக்கத்து வீட்டுக்காரருடையது. இரண்டுக்கும் நடுவே ஒரு சால்தான் எல்லை.

ஏன் இப்படிச் சிதறடித்தார்கள்? நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லோருக்கும் பங்காக வர வேண்டும் என்பது ஒரு விளக்கம். ஒரே இடத்தில் நிலம் இருந்து அங்கே வெள்ளமோ ஆலங்கட்டி மழையோ அடித்தால் குடும்பமே பட்டினி. பத்து இடத்தில் இருந்தால் நான்கு போனாலும் ஆறு மிஞ்சும். பயிர்க் காப்பீடு இல்லாத காலத்தில் சிதறலே காப்பீடாக இருந்தது என்று பொருளியலாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். ஊரார் மாடுகளைச் சேர்த்துப் பூட்டி உழுது, அன்றன்று உழுத பட்டையை முறை வைத்துப் பிரித்துக்கொண்டதால் வந்தது என்பது இன்னொரு விளக்கம். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பட்டை ஏன் நீளம் என்பதில் பெரிய சந்தேகமில்லை. அந்தப் பகுதி மண் கெட்டிக் களிமண். அதைக் கிழிக்கக் கனமான கலப்பை வேண்டும், அதை இழுக்கப் பல ஜோடி மாடுகள் வேண்டும். அத்தனை மாடுகளைத் திருப்புவதுதான் பெரும்பாடு. திருப்புவதைக் குறைக்க வேண்டுமானால் உழவுசாலின் நீளத்தைக் கூட்ட வேண்டும்.

திரும்புவதற்கு மாடுகளை முன்கூட்டியே ஒருபக்கமாக வளைக்க வேண்டியிருந்ததால், பழைய பட்டைகள் நேர்கோடாக இல்லாமல் திருப்பிப் போட்ட ஆங்கில எஸ் எழுத்தைப் போல லேசாக வளைந்திருக்கும். கலப்பையின் பலகை மண்ணை எப்போதும் ஒரே பக்கம் புரட்டியதால் பட்டையின் நடுப்பகுதி ஆண்டுக்காண்டு மேடானது, ஓரம் பள்ளமானது. மழைநீர் பள்ளத்தில் வடியும். இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் புல்வெளியாகிவிட்ட பழைய வயல்களில், மாலை வெயில் சாய்வாக விழும்போது அலையலையாக மேடு பள்ளம் தெரியும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மாடு ஓட்டியவர்களின் கைவரிசை அது.

மூன்று வயல்களுக்கும் மூன்று வேலை. ஒன்றில் இலையுதிர்காலத்தில் விதைக்கும் கோதுமை. அடுத்ததில் வசந்தகாலத்தில் விதைக்கும் பார்லி, பட்டாணி மாதிரியான பயிர். மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு எல்லாம் ஒரு படி நகரும். தரிசு வயலில் ஊர் ஆடுமாடுகள் எல்லாம் மேயும், அவற்றின் சாணமும் புழுக்கையும் அதற்கு உரம். ரசாயன உரம் இல்லாத உலகில் மண்ணுக்குக் கொடுத்த ஓய்வும் உணவும் அதுதான். அறுவடை முடிந்த தாளடியிலும் எல்லார் மந்தையும் இறங்கும்.

இங்கேதான் சிக்கல். வேலியில்லாத வயலில் ஒருவர் தன் பட்டையில் மட்டும் வேறு பயிர் போட முடியாது. எல்லாரும் அறுத்துவிட்டு மந்தையைத் திறந்துவிடும் நாளில் அவர் பயிர் மட்டும் பச்சையாக நின்றால் என்ன ஆகும்? அதனால் எப்போது விதைப்பது, எப்போது அறுப்பது, எந்த நாளில் மந்தையை விடுவது, எத்தனை ஆடு விடலாம், எல்லாவற்றையும் ஊர் சேர்ந்து முடிவு செய்தாக வேண்டும். பக்கத்துக்காரர் பட்டையில் ஒரு சால் கூடுதலாக உழுதுவிட்டால் கேட்க ஆள் வேண்டும். வழிநடைப் பாதையை உழுதால் அபராதம் போட வேண்டும். அந்தத் தேவைக்குத்தான் ஊர்மன்றம். அதன் பெயர் கோர்ட் லீட்.

கோர்ட் லீட் இடைக்காலத்தில் ஆயிரக்கணக்கான ஊர்களில் இருந்தது. அடிப்படையில் அது பிரபுவின் நீதிமன்றம். சில்லறைக் குற்றங்கள், கள்ள எடை, கெட்ட பீர், வரப்புத் தகராறு எல்லாம் அங்கே வரும். இன்றும் சில ஊர்களில் அந்தப் பெயரில் சடங்காகக் கூடுகிறார்கள். லாக்ஸ்டனில் அது வேலை செய்கிறது. 1977-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பழைய சிறு நீதிமன்றங்களின் அதிகாரங்களை ஒட்டுமொத்தமாக நீக்கிச் சட்டம் போட்டபோது, லாக்ஸ்டன் கோர்ட் லீட்டைப் பெயர் சொல்லி விலக்கி வைத்தது. வயல் நிர்வாகத்தில் அதன் அதிகாரம் சட்டப்படி இன்றும் செல்லும்.

அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரின் உயிரே அதில்தான் இருக்கிறது. நவம்பர் கடைசியில் ஒரு நாள், ஜூரி நாள். விவசாயிகளிலிருந்து தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேர், அவர்களுக்கு ஒரு தலைவர். அந்த ஆண்டு கோதுமை விதைத்த வயலுக்குப் போகிறார்கள். பெரும்பாலும் டிராக்டர் இழுக்கும் டிரெய்லரில் ஏறி, அந்த மாதத்துக் குளிரிலும் சேற்றிலும். பட்டை பட்டையாகப் பார்க்கிறார்கள். யாராவது பொதுப் புல்லை உழுதிருக்கிறார்களா, பாதையைக் குறுக்கியிருக்கிறார்களா, வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டிருக்கிறார்களா? எல்லை மங்கிய இடத்தில் அளந்து புதிதாக மரக்குச்சி அடிக்கிறார்கள். பிறகு டவ்காட் மதுவிடுதியில் எல்லாருக்கும் சாப்பாடு.

ஒரு வாரம் கழித்து அதே மதுவிடுதியில் மன்றம் கூடும். பிரபுவின் சார்பில் ஸ்டூவர்ட் என்ற அதிகாரி தலைமை வகிப்பார், அவர் வழக்கமாக ஒரு வழக்கறிஞர். மன்றத்தின் அலுவலரான பெய்லிஃப் எழுந்து பழைய பிரெஞ்சுச் சொல்லில் 'ஓயேஸ், ஓயேஸ்' என்று கூவுவார். 'கேளுங்கள்' என்று பொருள். நார்மண்டிக்காரர்களின் மொழி அந்த அறையில் அந்த ஒரு சொல்லாக இன்னும் ஒலிக்கிறது. ஜூரி கண்ட தவறுகள் வாசிக்கப்படும், அபராதம் விதிக்கப்படும். அடுத்த ஆண்டு ஜூரியும் அங்கேயே தேர்வாகும். அபராதத் தொகை சின்னதுதான். ஆனால் நாளை காலை முகம் பார்க்க வேண்டிய பன்னிரண்டு அண்டை வீட்டார் நடுவில், 'இன்னார் பொது நிலத்தில் இத்தனை அடி உழுதுவிட்டார்' என்று வாசிக்கப்படுவதில் பணத்தைவிடப் பெரிய தண்டனை இருக்கிறது. ஊரோடு வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வயலுக்குள் உழ முடியாத சரிவுகளும் ஈரமான ஓடைக்கரைகளும் உண்டு. அவற்றுக்கு சைக்ஸ் என்று பெயர். யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத புல். ஒவ்வோர் ஆண்டும் கோடையில் அந்தப் புல்லை ஏலம் விடுகிறார்கள், வரும் பணம் உரிமைக்காரர்களுக்குப் பங்காகப் போகும். நூற்றாண்டுகளாகக் கலப்பையே படாத மண் என்பதால், மற்ற இடங்களில் அழிந்துபோன காட்டுப்பூக்களும் புல்வகைகளும் அங்கே தழைக்கின்றன. இயற்கைப் பாதுகாப்புக்கான சிறப்பு இடமாக அரசு அதை அறிவித்திருக்கிறது. ஒரு வரப்புத் தகராறைத் தடுக்கப் போட்ட விதி, பூக்களையும் காப்பாற்றிவிட்டது.

ஊரின் அமைப்பிலும் அதே பழமை. பண்ணை வீடுகள் வயல் நடுவே தனித்தனியாக நிற்பதுதான் இங்கிலாந்தில் இன்று வழக்கம். லாக்ஸ்டனில் அவை தெருவில் வரிசையாக நிற்கின்றன. பல வீடுகள் தெருவைப் பார்க்காமல் பக்கச் சுவரைத் தெருவுக்குக் காட்டியபடி இருக்கும். முன்னால் மனை, பின்னால் நீளமான கொல்லை, கொல்லைக்குப் பின் ஒரு சந்து. நிலம் மூன்று திசையிலும் சிதறியிருப்பவர் வயலில் வீடு கட்டி என்ன செய்வார்? நடுவில் இருப்பதுதான் வசதி. வீடுகளின் செங்கல் 18-ஆம் நூற்றாண்டையும் அதற்குப் பிந்திய காலத்தையும் சேர்ந்தது, ஆனால் அவை நிற்கும் மனை அளவுகள் மிகப் பழையவை. வழிதவறி மேய்ந்த மாடுகளை அடைக்கும் கொட்டிலும் ஊரில் இருக்கிறது. அபராதம் கட்டி மாட்டை மீட்க வேண்டும். நம் கிராமங்களில் பெரியவர்கள் 'மாட்டைப் பவுண்டில் அடைத்துவிட்டார்கள்' என்பார்களே, அந்தப் பவுண்டு இந்த ஆங்கில ஊர் வழக்கம் சட்டமாகிக் கடல் கடந்து வந்ததுதான்.

இதெல்லாம் எப்படி இருந்தது என்று நமக்குத் துல்லியமாகத் தெரிவதற்கு ஒரு வரைபடம் காரணம். 1635-இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் ஊரை முழுக்க அளந்தார். ஒவ்வொரு பட்டையையும், அது யாருடையது என்பதையும் வரைபடத்திலும் கூடவே ஒரு பதிவேட்டிலும் குறித்தார். வெறும் கோடுகளாக விடாமல், உழுகிறவர்கள், கதிர் அறுக்கிறவர்கள், வேட்டையாடுகிறவர்கள் என்று குட்டிக் குட்டிச் சித்திரங்களையும் வரைந்து வைத்தார். ஆக்ஸ்ஃபர்டில் பாட்லியன் நூலகத்தில் அது இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டு ஊர் ஒன்றின் ஒவ்வொரு துண்டு நிலமும், அதை உழுத ஒவ்வொருவர் பெயரும் நம் கையில் இருப்பது பெரிய கொடை.

அந்த அளவைக்குப் பணம் கொடுத்தவர் அப்போதைய உரிமையாளர் சர் வில்லியம் கோர்ட்டன். லண்டன் வணிகர். பார்படோஸ் தீவில் 1627-இல் ஆங்கிலேயர் குடியேறியது இவருடைய முதலீட்டில். லாக்ஸ்டனை அளக்கச் சொன்ன அதே 1635-இல்தான், கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியப் பக்கம் வணிகம் செய்ய அரசர் முதலாம் சார்லஸிடம் அவருடைய கூட்டு நிறுவனம் உரிமம் வாங்கியது. அதன் கப்பல்கள் பிறகு கொங்கணக் கரையிலும் கார்வார், பட்கல் பக்கமும் வந்தன. அதற்குள் கோர்ட்டன் இறந்துவிட்டார். உழவரின் பட்டையை அங்குலம் அங்குலமாக அளந்து வாடகை கணக்கிட்ட கையும், கடலுக்கு அப்பால் நிலம் தேடிய கையும் ஒன்றுதான் என்பது இந்த வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் என்னை உறுத்தும்.

சில ஆண்டுகளில் ஊர் பியர்பான்ட் குடும்பத்திடம் போனது. பின்னாளில் மேன்வர்ஸ் பிரபுக்கள் ஆனவர்கள் அவர்கள்தான்.

இனி முக்கியமான கேள்வி. மற்ற ஊர்களில் எல்லாம் மறைந்த முறை இங்கே மட்டும் ஏன் மிஞ்சியது?

மற்ற ஊர்களில் அது தானாக மறையவில்லை, மறைக்கப்பட்டது. அதற்கு வேலியடைப்பு என்று பெயர். சிதறிய பட்டைகளைத் திரட்டி ஒவ்வொருவருக்கும் ஒரே இடத்தில் ஒதுக்கி, சுற்றி வேலி போட்டு, பொது மேய்ச்சல் உரிமையை ஒழிப்பது. 1604 முதல் 1914 வரை இதற்காக நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்களை நிறைவேற்றியது. ஏறக்குறைய 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். விளைச்சல் கூடியது என்பது உண்மை. ஒரு மாடும் நான்கு ஆடும் பொது நிலத்தில் மேய்த்துப் பிழைத்த ஏழைக்குடும்பம், அந்த உரிமையை எழுத்தில் நிரூபிக்க முடியாமல் வெறுங்கையோடு நின்றதும் உண்மை. வாழ்த்து அட்டையில் நாம் பார்க்கும் இங்கிலாந்து, பசுமையான சதுரங்களுக்கு நடுவே புதர்வேலி ஓடும் அந்தக் காட்சி, பல இடங்களில் இந்த வேலியடைப்பின் விளைவு. தொன்மையானது என்று நாம் நினைப்பது அங்கே புதியது. லாக்ஸ்டனின் மொட்டை வெளிதான் பழையது.

லாக்ஸ்டனிலும் வேலி நுழையாமல் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஓரப் பகுதிகள் பல அடைக்கப்பட்டன. முழுதாக அடைக்க வேண்டுமானால் பெரிய நில உரிமையாளர்கள் ஒத்துப்போக வேண்டும். இங்கே பெரிய உரிமையாளர்கள் இரண்டு பேர்: மேன்வர்ஸ் பிரபு, ஸ்கார்பரோ பிரபு. இருவருக்கும் ஒத்துவரவே இல்லை. யார் நிலத்துக்கு மாற்றாக எந்த நிலம் என்பதில் இழுபறி நீண்டது. வேலி அடைக்கும் செலவும் கொஞ்சநஞ்சமில்லை. 19-ஆம் நூற்றாண்டு நகர நகர தானிய விலையும் சரிந்தது, பணத்தைக் கொட்டி அடைப்பதில் லாபம் தெரியவில்லை. ஆக, ஊரின் பழமையைக் காப்பாற்ற வேண்டும் என்று அப்போது யாரும் நினைத்ததாகச் சொல்ல முடியாது. இரண்டு பணக்காரர்களின் பிடிவாதமும் சரிந்த விலையும் சேர்ந்து காப்பாற்றின.

தெரிந்தே காப்பாற்றும் காலம் பிறகு வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேன்வர்ஸ் பண்ணை பட்டைகளை இணைத்து அகலமாக்கியது. வேலி போடவில்லை, மன்றத்தைக் கலைக்கவில்லை, எண்ணிக்கையை மட்டும் குறைத்தது. இயந்திரங்கள் வந்தபோது அந்த அகலம்தான் கைகொடுத்தது. 1930-களில் ஆக்ஸ்ஃபர்டின் வேளாண் பொருளியலாளர் சார்லஸ் ஆர்வினும் அவர் மனைவி கிறிஸ்டபெலும் இந்த ஊரை ஆராய்ந்து எழுதிய பிறகுதான், தம் காலடியில் இருப்பது என்ன என்று நாட்டுக்கே உறைத்தது. 1952-இல் ஆறாவது மேன்வர்ஸ் பிரபு, அந்தப் பட்டத்தின் கடைசி ஆள், ஊரைத் தனியாருக்கு விற்காமல் வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார், முறை தொடர வேண்டும் என்பதற்காக. அந்த ஒரு முடிவு இல்லாவிட்டால் இன்று இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. 1981-இல் அமைச்சகம் அதை அரச சொத்து நிர்வாகமான கிரவுன் எஸ்டேட்டிடம் கொடுத்தது. 2018-இல் கிரவுன் எஸ்டேட் விற்கப்போவதாக அறிவித்ததும் மறுபடி கவலை. 2020-இல் வாங்கியது தோர்ஸ்பி எஸ்டேட், அதாவது பியர்பான்ட் குடும்பத்தின் வாரிசுகள். ஊர் அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்துப் பழைய கைக்கே திரும்பியது.

அதற்குள் வயலும் சுருங்கிவிட்டது. மூன்று திறந்த வயல்களும் சேர்த்து இன்று ஏறத்தாழ 480 ஏக்கர்தான். வேலியில்லாத வயல் வேறு இடங்களிலும் கொஞ்சம் உண்டு. டெவனில் பிரான்டன் பெருவயல், லிங்கன்ஷயரில் ஆக்ஸ்ஹோம் தீவு என்று சொல்லப்படும் பகுதி. ஆனால் மூன்று வயல் சுழற்சியும் அதை நடத்தும் மன்றமும் சேர்ந்து உயிரோடு இருப்பது லாக்ஸ்டனில்தான்.

உயிரோடு என்றால் உறைந்து நிற்பது என்று பொருளில்லை. பட்டைகளில் இன்று கம்பைன் அறுவடை இயந்திரம் ஓடுகிறது. தரிசு வயலை முழுக்கச் சும்மா விடாமல் தீவனப் புல்லுக்கும் பயன்படுத்துகிறார்கள். ஊரின் ஆடுகள் எல்லாம் சேர்ந்து தரிசில் மேய்ந்த காட்சி பழங்கதையாகிவிட்டது. இது இடைக்காலம் அப்படியே இல்லை என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறை நியாயமாகப் படவில்லை. 1635-இல் இருந்தது 1086-இல் இருந்ததைப் போல இல்லை. டோக்கியின் காலத்தில் எப்படியிருந்தது என்பதே வேறு கதை. மாட்டுக்குப் பதில் டிராக்டர் வந்ததா என்பதை நான் பெரிதாக எண்ண மாட்டேன். பக்கத்துப் பட்டைக்காரரைக் கேட்காமல் ஒருவர் விதைக்க முடியுமா, எல்லை மீறினால் அயலாரே தடுக்கிறார்களா என்பதைத்தான் பார்ப்பேன்.

கோட்டைக்கும் சிலைக்கும் தொல்லியல் துறை பலகை வைத்துப் பாதுகாக்கலாம். வயலை அப்படிப் பாதுகாக்க முடியாது. அதற்கு அங்கே விவசாயம் பார்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் வேண்டும். அந்தப் பண்ணைகள் சிறியவை. பெரிய பண்ணைகளே தாக்குப்பிடிக்கும் காலம் இது. வாரிசுகள் வேறு வேலை தேடிப் போனால் பட்டைகளை யார் எடுப்பது என்ற கேள்வி ஒவ்வொரு தலைமுறையிலும் வரத்தான் செய்யும். பட்டையை எடுக்கிறவர் நிலத்தோடு சேர்த்து ஜூரி வேலையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்று வயல் சுழற்சி என்பதால் ஜூரி ஒரு வயலுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் போகும். நவம்பர் கடைசியில், முளைவிட்ட கோதுமைக்கு நடுவே, பொதுப் புல் முடிந்து பட்டை தொடங்கும் இடத்தில் சம்மட்டியால் ஒரு குச்சியை அடித்து இறக்குவார்கள். அது நகராமல் அங்கேயே நிற்கிறதா என்று மூன்று ஆண்டுகள் கழித்து வேறு பன்னிரண்டு பேர் வந்து பார்ப்பார்கள்.